தடைக்காலத்தில் விற்கும் ‘ஹெவி லைசென்ஸ் பேக்கேஜ்’: முன்பணம் கொடுப்பதற்கு முன்

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் நங்கூரம் போட்டதும், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கம் வேலையில்லாமல் நிற்கும் பையன்களைத் தேடி லைசென்ஸ் புரோக்கர்கள் வந்துவிடுகிறார்கள். “தம்பி, டெஸ்ட்டெல்லாம் வேணாம். ஆதாரும் ரெண்டு போட்டோவும் குடு, இருபது நாள்ல ஹெவி கையில இருக்கும்.” பாதிப் பணம் உடனே, மீதி அட்டை வந்ததும். ஜூன் 14-ல் தடை முடியும்போது சிலர் கையில் எதுவும் இல்லை. சிலர் கையில் செல்லாத அட்டை. இரண்டாவது ரகம்தான் ஆபத்து.

இருபது நாள் என்று சொல்லும்போதே எழுந்து வந்துவிடலாம். லாரி ஓட்டும் லைசென்ஸுக்கு, அதாவது ஹெவிக்கு, வயது 20 நிரம்பியிருக்க வேண்டும். கார் லைசென்ஸ், அதாவது எல்.எம்.வி., எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) தருவார்கள். பைக் லைசென்ஸ் எத்தனை வருடம் வைத்திருந்தாலும் இதற்குக் கணக்கில்லை. எல்.எல்.ஆர். வந்த பிறகும் 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். இதில் எந்தப் படியையும் எந்த ‘ஆபீஸ் ஆளும்’ சுருக்க முடியாது.

அப்புறம் எப்படித் தருகிறார்கள்? போகவே போகாத வேறு மாநிலத்தின் எண்ணில் ஓர் அட்டை வரும். அதில் கார் லைசென்ஸ் தேதியை உண்மையான தேதிக்கு மூன்று நான்கு வருடம் முன்னதாகப் போட்டிருப்பார்கள். ராமநாதபுரம் ஆர்.டி.ஓ.வில் எடுத்த லைசென்ஸ் டி.என். 65 என்று தொடங்கும். அடுத்து நான்கு இலக்க வருடம், அதற்கடுத்து ஏழு இலக்கம். வேறு மாநில எண் என்றால் நீங்கள் அங்கே குடியிருந்ததாகவோ தொழில் செய்ததாகவோ யாரோ பொய் முகவரி கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பொய் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. போலி ஆவணத்தை உண்மையானதாகக் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 340-வது பிரிவின்படி குற்றம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு ₹5,000 அபராதம் தனி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த இழப்பீட்டை லாரி ஓனரிடம் திரும்பக் கேட்கும். ஓனர் உங்களைத் தேடி வருவார்.

அட்டை உண்மையா என்று அறிய, அரசின் பரிவாகன் தளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுப் பாருங்கள். முகவரி ‘பரிவாகன் டாட் கவ் டாட் இன்’ என்றே முடிய வேண்டும். புரோக்கர் வாட்ஸப்பில் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள், அதே மாதிரி தோற்றத்தில் போலித் தளங்கள் உண்டு. திறந்ததும் டிரான்ஸ்போர்ட் (வாடகை, சரக்கு வண்டி) செல்லுபடித் தேதி என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது 5 வருடத்துக்குத்தான் இருக்கும். நான்-டிரான்ஸ்போர்ட் (சொந்த வண்டி) தேதி மட்டும் இருந்து அந்த இடம் காலி என்றால், உங்கள் பழைய கார் லைசென்ஸுக்கே புது அட்டை அடித்துக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார்கள்.

போலி அட்டையை விடப் பரவலாக நடப்பது வேறு. உரிமம் உள்ள டிரைவிங் ஸ்கூலே செய்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஹெவிக்கு டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5 சான்றிதழ் கட்டாயம். விதிப்படி பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது, ஸ்டியரிங் பிடித்து ஓட்டிய நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது. நடப்பதோ, ஒரு லாரியில் பத்துப் பேர், தினம் ஒரு மணி நேரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரவுண்டு. ஆளுக்கு 6 நிமிடம். முப்பது நாளும் தவறாமல் வந்தால்கூட 3 மணி நேரம்தான். சான்றிதழில் 15 என்று இருக்கும். பல இடங்களில் அந்த லாரியே ஸ்கூலுடையது இல்லை. உப்பு லோடோ மணல் லோடோ அடிக்கும் வண்டியை ஓய்வு நேரத்தில் வாங்கி வருவார்கள். பயிற்றுநர் பக்கம் இரண்டாவது கிளட்ச், பிரேக் பெடல் இருக்காது. நீங்கள் பதறினால் வண்டியை நிறுத்த அவரால் முடியாது.

சேரும் முன் மூன்றைக் கேளுங்கள். ஆர்.டி.ஓ. கொடுத்த படிவம் 11 உரிமம், அதில் ஹெவி வகுப்பு இருக்கிறதா. வண்டியின் ஆர்.சி. யார் பெயரில். ஒவ்வொருவரும் ஓட்டிய நேரத்தை எழுதும் படிவம் 15 பதிவேடு. கடைசிதான் முக்கியம். தினமும் உங்கள் வரியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க விடாத ஸ்கூலில் சேர வேண்டாம்.

மூன்று மணி நேரப் பயிற்சியோடு டெஸ்ட்டுக்குப் போனால் எங்கே மாட்டுவார்கள் என்பதும் தெரிந்ததே. காரைப் போல ஸ்டார்ட் செய்த உடனே கியர் போடுவார்கள். ஏர் பிரேக் லாரியில் கேஜில் அழுத்தம் ஏறி பஸ்ஸர் நிற்கும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. காற்று இல்லாமல் பார்க்கிங் பிரேக் விடாது. திருப்பத்தில் பின்சக்கரம் உள்பக்கம் வெட்டி வருவதை மறந்து கம்பத்தை உரசுவார்கள். ரிவர்ஸில் கண்ணாடியைப் பார்க்காமல் தலையை வெளியே நீட்டுவார்கள். நம் மாவட்டம் சமதரை என்பதால் மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கும் பழக்கம் பலருக்கு வருவதே இல்லை. டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) கேட்பதும் இதைத்தான். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும், எல்.எல்.ஆரின் ஆயுளோ 6 மாதம். டெஸ்ட் அன்று ‘லாரி வாடகை’ என்று தனியாகப் பணம் கேட்பதும் உண்டு. பேசும்போதே அதை ரசீதில் எழுத வையுங்கள்.

அரசுக் கட்டணம் சொற்பம். எல்.எல்.ஆர். ₹150, அதன் தேர்வு ₹50, ஓட்டும் தேர்வு ₹300, வகுப்பு சேர்க்க ₹500, அட்டைக்கு ₹200. மேலே கொஞ்சம் சேவைக் கட்டணம். மிச்சமெல்லாம் பயிற்சிக்கு என்று கொடுக்கிறீர்கள், ஆகவே பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். எட்டாவது சான்றிதழ் இல்லாததற்கு ‘தனி ரேட்’ என்பவர் பச்சையாக ஏமாற்றுகிறார். அந்தக் கல்வித் தகுதியை மத்திய அரசு 2019-லேயே எடுத்துவிட்டது. படிவம் 1ஏ மருத்துவச் சான்றிதழை ஆளைப் பார்க்காமல் வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம், கண் பார்வையை நேரில் சோதித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் மொபைல் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். புரோக்கர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும், பணம் முழுசாகத் தராமல் உங்கள் விண்ணப்பம் நகராது. கார் லைசென்ஸ் ஒரிஜினலை ஒப்படைக்காதீர்கள்.

இன்னொரு கூட்டம், மீன் லோடுக்குக் குட்டியானை ஓட்டுகிறவர்களிடம் “பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டத் தரும் தனி அனுமதி) இல்லாம பிடிச்சிருவாங்க” என்று பயமுறுத்திப் பணம் பறிக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் எடையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கீழக்கரை, தொண்டிப் பக்கத்தில் ‘கல்ஃப் ஹெவி டிரைவர்’ வேலையோடு சேர்த்து விற்பவர்களிடம் இமைகிரேட் (வெளிநாட்டு வேலை ஏஜென்ட்டுகளைப் பதிவு செய்யும் மத்திய அரசுத் தளம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ₹30,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால், தனி ஆளின் ஜி-பேக்கு அனுப்பியவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். டிரைவிங் ஸ்கூல் மீது ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் புகார் கொடுங்கள், உரிமத்தை நிறுத்தி வைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போகலாம், கட்டிய தொகை ₹5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. போலி அட்டை கையில் இருந்தால் ‘மாற்றித் தருகிறேன்’ என்று அதே புரோக்கர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். போலீஸ் புகாருக்கு அதுதான் ஆதாரம்.