பி மை ஐஸ் செயலி: இரண்டு நிமிடத்துக்கு இரவல் கண்

மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்த்துச் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரரை எத்தனை தடவை கூப்பிடுவது? பார்வையற்றவர்களுக்கு உதவி கேட்பதைவிட, கேட்டவரிடமே திரும்பத் திரும்பக் கேட்பதுதான் கூச்சம். பார்வையற்றவரை வீடியோ அழைப்பில் பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவரோடு இணைக்கும் இந்தச் செயலி, அந்தக் கூச்சத்தை எடுத்துவிடுகிறது. அழைப்பை எடுப்பவர் யாரென்றே தெரியாது. அடுத்த முறை அநேகமாக வேறொருவர் வருவார்.

டென்மார்க்கில் பார்வைக் குறைபாடுள்ள ஃபர்னிச்சர் கைவினைஞர் ஹான்ஸ் யோர்கன் விபெர்க் தொடங்கியது. 2015இல் ஐபோனுக்கும் 2017இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. இருதரப்புக்கும் இலவசம்.

பட்டனை அழுத்தினால், அதே மொழியைத் தேர்ந்திருக்கும் தன்னார்வலர்கள் பலருக்கு ஒரே நேரத்தில் மணி அடிக்கும். முதலில் எடுப்பவரோடு இணைப்பு. கேட்பவரின் பின்பக்க கேமரா மட்டும் திறக்கும். தன்னார்வலருக்கு அவரவர் ஊரின் பகல் நேரத்தில்தான் அழைப்பு போகும் என்பதால், சென்னையில் நடு இரவில் தமிழில் கூப்பிட்டால் எடுப்பவர் கனடாக்காரராக இருக்கலாம்.

சொதப்புவது பெரும்பாலும் உதவுபவர் பக்கம்தான். "இங்க கொண்டு வாங்க", "அந்தப் பக்கம்" என்பதெல்லாம் எதிர்முனைக்குப் புரியாது. "ஃபோனை ரெண்டு விரல் அகலம் வலப்பக்கம் நகர்த்துங்க" என்று அளவோடு சொல்ல வேண்டும். எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் ஃபோனோ பொருளோ தலைகீழாக இருக்கிறது. இடம், வலம் சொல்வதற்கு முன் அதை நிமிர்த்தச் சொல்லுங்கள். திரை இருட்டாக இருந்தால் முதல் கேள்வி, "லைட் போட்டிருக்கீங்களா?" விளக்கு தேவைப்படாதவர் அதை மறந்திருப்பார்.

கேட்பவருக்கு: ஃபோனைப் பொருளின் மேல் படுக்க வைத்து, ஒரு சாண் உயரத்துக்கு மெதுவாகத் தூக்குங்கள். முழங்கையை மேசையில் ஊன்றினால் படம் ஆடாது. மாத்திரை அட்டையில் தேதி சில சமயம் மையே இல்லாமல் ஓரத்தில் அழுத்தி அச்சிட்டிருக்கும்; வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அட்டையைச் சாய்த்தால்தான் தெரியும். மருந்துக்கடையில் நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தால், தேதி இருந்த துண்டு கடையிலேயே தங்கியிருக்கலாம். அப்போது தன்னார்வலர் "தேதி இல்லை" என்று நேராகச் சொல்ல வேண்டும். ஊகித்துச் சொல்வது உதவியே அல்ல.

ரூபாய் நோட்டுக்கு ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. 200க்கும் 500க்கும் அகலம் ஒன்றே, நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், விரல் ஏமாறும். ஆனாலும் நோட்டின் மதிப்பைச் சொல்லும் ரிசர்வ் வங்கியின் ‘மணி’ (MANI) செயலி அதற்குப் போதும். வங்கி அட்டையையோ ரகசிய எண்ணையோ கேமரா முன் காட்டவே கூடாது. சாலையைக் கடக்க, வெள்ளைக்கோலுக்குப் பதிலாக இதை நம்பவும் கூடாது.

தன்னார்வலராகச் சேர்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கேட்பவர்களைவிட உதவ வந்தவர்கள் பல மடங்கு அதிகம். முதல் அழைப்புக்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஃபோனை எடுப்பதற்குள் வேறொருவர் எடுத்துவிட்டால் வருத்தப்படத் தேவையில்லை, கேட்டவருக்கு உதவி கிடைத்துவிட்டது. பேட்டரி சேமிப்பு செயலியை உறங்க வைத்திருந்தால் மணியே அடிக்காது. அமைப்புகளில் இதற்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

2023இல் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்தது: படம் எடுத்தால் விவரித்துச் சொல்லும். கடிதம், உணவகப் பட்டியல் படிக்க அதுவே வேகம். மருந்து என்றால் மனிதரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சேலைக்கு இந்த ரவிக்கை ஒத்துப்போகுமா என்பதற்கும்தான்.