கிரேடிங் எடுத்துத் தாறன் என்று பழைய தாள்காசு கேட்டு வருவோரிடம் கவனம்

மட்டக்களப்பு டவுனிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒரு புறோக்கர் வீடு வீடாகத் திரிகிறார். பழைய தாள்காசை அவர் விலைக்குக் கேட்பதில்லை. "வெளிநாட்டுக்கு அனுப்பி கிரேடிங் எடுத்துத் தாறன், பிறகு பத்து மடங்குக்கு விக்கலாம்" என்பதுதான் பேச்சு. கிரேடிங் என்பது, தாளின் நிலையைப் பார்த்து ஒரு நிறுவனம் புள்ளி போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவது. அதற்குத் தாளுக்கு இவ்வளவு என்று முற்பணம் வாங்குகிறார். எதைக் காட்டினாலும் "நல்ல சாமான்" என்கிறார். ஒரு அலுமாரி நிறையத் தாள்காசு இருந்தாலும் அதில் கிரேடிங்குக்குத் தகுதியானது ஒன்றிரண்டு தேறினாலே பெரிய காரியம். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்பவருக்குத் தாளில் அக்கறை இல்லை, எண்ணிக்கையில்தான் அக்கறை.

கொடுத்தவர்களுக்குத் திரும்பி வந்தவை தடித்த பிளாஸ்டிக் உறையில் இருந்தன. மேலே யாரும் கேள்விப்படாத ஒரு கம்பனிப் பெயர், பக்கத்தில் 66 என்று ஒரு எண். சான்றிதழ் இலக்கம் இல்லை. உள்ளே இருந்த தாளோ பளபளவென்று, தட்டையாக, சவர்க்கார வாசத்தோடு.

அந்த 66தான் மோசடியைக் காட்டிக்கொடுக்கிறது. பி.எம்.ஜி (PMG) என்ற அமெரிக்கக் கிரேடிங் நிறுவனம் தாள்காசுக்கு 1 முதல் 70 வரை புள்ளி கொடுக்கிறது. 65 உம் அதற்கு மேலும் கிடைக்க வேண்டுமென்றால் ஈ.பி.கியூ (EPQ, காகிதத்தின் தரம் சிறப்பு) என்ற குறிப்பும் சேர்ந்து வரவேண்டும். காகிதம் கழுவப்படாமல், அழுத்தப்படாமல், ஒட்டுப்போடாமல் அச்சான நிலையிலேயே இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஆக, கழுவி அயன் பண்ணிய தாளுக்கு 66 என்பது நடக்கவே முடியாத விஷயம். நடுவில் ஒரு மடிப்பு உண்மையாக விழுந்திருந்தாலே 60க்குக் கீழே போய்விடும். மடிப்பை அயன் பண்ணி மறைத்தாலும், சரிவாக வெளிச்சம் அடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் நார் உடைந்த கோடு தெரியும். அச்சின் மேடும் நசுங்கிப் போயிருக்கும்.

கழுவியதைக் கண்டுபிடிக்க, கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா (UV) விளக்குப் போதும். பழைய பருத்திக் காகிதம் அதன் கீழ் மங்கலாகவே இருக்கும். சலவைத்தூளில் உள்ள வெளுப்பூட்டி ஏறியிருந்தால் நீலவெள்ளையாகத் திட்டுத்திட்டாக ஒளிரும். ஓரம் வெட்டியிருக்கிறதா என்று அறிய, அதே வெளியீட்டின் இன்னொரு தாளை மேலே வைத்துப் பாருங்கள்.

மனம் பொறுக்காத சேதம் 1942 ஆம் ஆண்டு 5 சதத் தாளுக்கு நடந்ததுதான். யுத்தகாலச் சில்லறைத் தட்டுப்பாட்டில் வெளியான தாள் அது. ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம். தபால் முத்திரைகளுக்கு இடையில் உள்ளதுபோல நடுவே துளை வரிசை, கிழித்துத் தனித்தனியே செலவழிக்கலாம். அன்றைக்குப் பலர் கிழித்தே செலவழித்தார்கள், அதனால்தான் இரண்டு பாதியும் சேர்ந்திருக்கும் தாளுக்குக் கிராக்கி. அதைத் தண்ணீரில் ஊறப்போட்டால் துளை வரிசையில் நார் இளகிப் பிரிந்துவிடும். பிரிந்துதான் வந்தது. பின்பக்கம் ஒட்டுநாடா போட்டு உறைக்குள் வைத்திருக்கிறார்கள்!

அப்படியானால் எதை அனுப்பலாம்? ஆறாம் ஜோர்ஜ் படம் போட்ட தாள்கள், மத்திய வங்கி 1951இல் வெளியிட்ட முதல் 1 ரூபா, 10 ரூபாத் தாள்கள், எலிசபெத் படம் போட்டவை: இவை மடிப்பில்லாமல் இருந்தால் யோசிக்கலாம். மூலை மழுங்கி, துருக்கறை பிடித்து, ஊசித்துளை விழுந்திருந்தால் உறை போடாமலே சேகரிப்பவர்களுக்கு விற்பது மேல். 1998இல் வந்த 200 ரூபாப் பொலிமர் தாள் புழங்கியதென்றால் அனுப்பும் செலவே வீண். கிரேடிங் கட்டணம், போக வரக் காப்புறுதித் தபால், புறோக்கர் கொமிசன் மூன்றையும் கூட்டுங்கள். உறை போட்ட தாள் விற்கும் விலை அந்தத் தொகையைப்போல இரண்டு மடங்காவது இல்லையென்றால் அனுப்பவேண்டாம். விலை என்பது விற்றுமுடிந்த ஏலத்தின் விலை, கேட்கிற விலை அல்ல.

குற்றிக்காசில் இன்னொரு ஆபத்து. தாளுக்குத் தொடரிலக்கம் இருக்கிறது, குற்றிக்கு இல்லை, மாற்றி வைத்தால் நிரூபிக்க முடியாது. 1957 புத்த ஜயந்தி 5 ரூபா வெள்ளிக்குற்றியைக் கொடுக்கும் முன் நகைக்கடைத் தராசில் நிறுத்து (சரியான எடை 28.28 கிராம்), விளிம்பில் உள்ள கீறல்கள் தெரியப் படம் எடுத்து வையுங்கள். புளி, சாம்பல் போட்டு மினுக்கக் கொடுக்காதீர்கள். மினுக்கிய குற்றிக்கு, நாணயங்களைக் கிரேடிங் செய்யும் என்.ஜி.சி (NGC) நிறுவனம் எண் கொடுக்காது, "சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதித் திருப்பிவிடும்.

ஒல்லாந்தர் காலத்து வி.ஓ.சி (VOC, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி) செப்புக்காசைக் கேட்டால் உடனே மறுத்துவிடுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய நாணயம் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். சட்டச் சிக்கல் புறோக்கரோடு நிற்காது, கொடுத்தவர் பெயரும் இழுபடும்.

ஏற்கனவே உறை வாங்கியவர்கள் அதில் இலக்கம் இருந்தால் கிரேடிங் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அடித்துப் பாருங்கள். இலக்கம் சரியாக வந்தாலும் போதாது, அங்கே காட்டும் தாளின் தொடரிலக்கமும் உங்கள் கையில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்கவேண்டும். இன்னும் கொடுக்காதவர்கள், ஒவ்வொரு தாளின் தொடரிலக்கமும், வாங்கிய தொகையும், அடையாள அட்டை இலக்கமும் எழுதிய பற்றுச்சீட்டுக் கேளுங்கள். அது இல்லாமல் மத்தியஸ்த சபைக்குப் போனாலும், பொலிசுக்குப் போனாலும் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. பற்றுச்சீட்டு என்றதும் "நாளைக்கு வாறன்" என்று போனவர் சில வீடுகளுக்கு இன்னும் திரும்பி வரவில்லை.