திரையைப் பார்க்காமல் பாட்டுப் பதிய: ரீப்பரும் ஓசாராவும், நீலகிரியிலிருந்து ஒரு மதிப்புரை

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் இருக்கும் பார்வையற்ற பாடகர்களும் கீபோர்டு வாசிப்பவர்களும் தங்கள் பாட்டைத் தாங்களே பதிந்து, வெட்டி, மிக்ஸ் செய்து முடிக்க எந்த ஒலிப்பதிவு மென்பொருள் ஏற்றது? எங்கள் பதில் ரீப்பர். ஆனால் ரீப்பர் மட்டும் போதாது. அதன்மேல், ரீப்பரில் நடப்பதைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ஓசாரா என்ற இலவச நீட்சியை ஏற்ற வேண்டும். கூடவே, திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் ஓட வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு கருவி.

மதிப்பிட மூன்று கேள்விகள் போதும். எல்லா வேலையும் விசைப்பலகையிலேயே முடிகிறதா? செய்த வேலைக்குப் பதில் குரலில் வருகிறதா? நிறுவும்போதோ லைசன்ஸ் போடும்போதோ பக்கத்தில் கண் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறாரா? மூன்றாவதைப் பலரும் கேட்பதில்லை. பெரிய ஊரென்றால் தெரிந்தவரைக் கூப்பிடலாம். எஸ்டேட் லைனில் தனி வீடென்றால் அடுத்த பஸ் வரும்வரை வேலை நிற்கும்.

ரீப்பர் மூன்றிலும் தேறுகிறது. விண்டோஸ் பதிப்பு 20 எம்பிக்குள் அடங்கிவிடும். சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடும் இடத்திலும் இறக்கிவிடலாம். 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம். அதன்பிறகும் திறக்கும், ஆனால் திறக்கும்போதெல்லாம் நினைவூட்டும். தனிநபருக்கும், ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத சிறு தொழிலுக்கும் லைசன்ஸ் 60 டாலர். நம் பணத்தில் 5,000 ரூபாய்க்கு மேல். முழு வணிக லைசன்ஸ் 225 டாலர். லைசன்ஸ் ஒரு சின்னக் கோப்பாக வரும், மெனுவில் போய் அதைக் காட்டினால் முடிந்தது. பணம் கொடுத்தே வாங்குங்கள். இந்த விலைக்கு இவ்வளவு செய்யும் வேறொன்று கிடையாது.

நிறுவும் வரிசை முக்கியம். முதலில் என்விடிஏ, அடுத்து ரீப்பர், அடுத்து ரீப்பருக்குக் கூடுதல் கட்டளைகள் தரும் எஸ்டபிள்யூஎஸ் (SWS) நீட்சி, கடைசியில் ஓசாரா. ஓசாராவின் நிறுவி, ரீப்பரின் விசைவரைபடத்தை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைக்கலாமா என்று கேட்கும். 'ஆம்' என்று கொடுங்கள். 'இல்லை' கொடுத்தவர்கள்தான் பிறகு "ஓசாரா பேசவில்லை, எந்த விசையும் சரியாக வேலை செய்யவில்லை" என்று சொல்கிறார்கள்.

இனி வருவதுதான் இந்த மதிப்புரையிலேயே மிக முக்கியமானது: குரல் நின்றுபோவது.

பாடகர் ரீப்பரைத் திறக்கிறார். கண்ட்ரோல்+பி (P) அழுத்தி அமைப்புகளுக்குள் போய், ஆடியோ டிவைஸ் பகுதியில் ஏஎஸ்ஐஓ (தாமதம் குறைந்த ஒலி டிரைவர் வகை) என்று தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கிறார். அந்த நொடியே என்விடிஏ மௌனமாகிவிடுகிறது. கணினி கெட்டுவிட்டது என்று நினைத்து மின்சாரத்தையே அணைக்கிறார்கள். கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏஎஸ்ஐஓ4ஆல் போன்ற டிரைவர்கள் லேப்டாப்பின் ஒலிச்சாதனத்தை முழுதாகப் பிடித்துக்கொள்ளும், வேறு எந்தச் செயலிக்கும் விடாது. திரைவாசிப்பானும் அந்த 'வேறு செயலி'களில் ஒன்றுதான். கண் தெரிந்தவருக்கு யூட்யூப் சத்தம் மட்டும் நிற்கும். பார்வையற்றவருக்குக் கணினியே நின்றுவிடும்.

தீர்வை முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைச் செருகி, என்விடிஏ அமைப்புகளில் ஆடியோ பகுதிக்குப் போய், அவுட்புட் சாதனமாக அதைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு ஒரு வழி, பேச்சு ஒரு வழி என்று பிரிந்த பிறகே ரீப்பரின் ஆடியோ அமைப்பைத் தொடுங்கள். ஏற்கெனவே மௌனத்தில் மாட்டியிருந்தால் ஆல்ட்+எஃப்4 கொடுத்து ரீப்பரை மூடுங்கள். சேமிக்கவா என்று அது கேட்டிருக்கக்கூடும், சேமிக்காமல் மூட 'N' எழுத்து விசையை ஒருமுறை அழுத்துங்கள். சாதனம் விடுபட்டதும் குரல் திரும்பும். அப்போதும் வரவில்லையென்றால் கண்ட்ரோல்+ஆல்ட்+என் அழுத்தினால் என்விடிஏ புதிதாகத் தொடங்கும்.

மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் பெட்டியான தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நல்ல நிறுவனங்களின் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர்கள் விண்டோஸ் ஒலியையும் கூடவே விடும். ஆனால் விண்டோஸில் 44,100, ரீப்பரில் 48,000 என்று சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள்) வேறுபட்டால் அங்கும் ஒன்று அடங்கிவிடும். இரண்டையும் 48,000 ஆக்குங்கள். பஃபர் (கணினி ஒருமுறைக்குச் சேர்த்து வைக்கும் ஒலி மாதிரிகள்) 128 என்றால் தாமதம் 2.7 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.3; 512 என்றால் 10.7. இது ஒரு வழிக்கணக்கு, போக வர இரட்டிப்பாகும். பாடும்போது 128 அல்லது 256. மிக்ஸ் செய்யும்போது 512க்கு மேல் ஏற்றிவிட்டால் பழைய லேப்டாப்பும் திணறாது.

இன்டர்ஃபேஸ் வாங்கும்போது விலைப்பட்டியலைப் பார்க்காமல் கையால் தடவிப் பாருங்கள். கெயின் குமிழில் விரலுக்குத் தட்டுப்படும் முனை இருக்கிறதா? கண்டன்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தான் அமுக்கினால் உள்ளே தங்கும் வகையா, விளக்கு மட்டும் எரியும் வகையா? விளக்கு மட்டும் எரிவது வேண்டாம்.

அன்றாட வேலை எளிது. கண்ட்ரோல்+டி (T) புதிய ட்ராக். பெயரைத் தட்டச்சு செய்து என்டர். மேல், கீழ் அம்புக்குறிகளில் ட்ராக்குகளுக்குள் நகரலாம், ஒவ்வொன்றின் பெயரையும் நிலையையும் ஓசாரா சொல்லும். எஃப்5 மியூட், எஃப்6 சோலோ, எஃப்7 ஒலிப்பதிவுக்குத் தயார். எஃப் எழுத்து எஃபெக்ட்ஸ் பட்டியலைத் திறக்கும். பி (P) எழுத்து பாராமீட்டர்களைத் (எஃபெக்ட்டின் அளவுகளை) திறக்கும், அதைப் பிறகு பார்ப்போம். எஃப்12 உதவி நிலை: அதை அழுத்திவிட்டு எந்த விசையைத் தொட்டாலும் அது என்ன செய்யும் என்று சொல்லும், செய்யாது. முதல் வாரம் முழுக்க இதிலேயே விளையாடலாம்.

லேப்டாப்பில் எஃப்5 அழுத்தினால் மியூட் ஆகாமல் வெளிச்சம் கூடுகிறதென்றால் எஃப்என் பூட்டைப் போட வேண்டும். தமிழ்த் தட்டச்சு முறை திறந்திருந்தால் ஓரெழுத்துக் குறுக்குவிசைகள் சிக்கலாம். ட்ராக்குக்குத் தமிழில் பெயர் வைத்த கையோடு விண்டோஸ்+ஸ்பேஸ் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுங்கள். தமிழ்ப் பெயர்களைப் படிக்க என்விடிஏவில் தமிழ்க் குரல் வேண்டும். ஆங்கிலக் குரலில் அவை சொல்லாக வரா. என்விடிஏவில் ரீப்பருக்கென்றே ஒரு தனி அமைப்பு வைத்துக்கொள்ளலாம்: என்விடிஏ விசை+கண்ட்ரோல்+பி. குரல் வேகம், எந்தக் குரல் என்பதெல்லாம் ரீப்பருக்குள் நுழைந்ததும் தானே மாறும்.

அளவு பார்ப்பது கண்ணுக்குரிய வேலை என்று நினைப்பார்கள். ஓசாராவில் பீக் வாட்சர் என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சொல் என்று வைத்துவிடலாம். 24 பிட்டில் பதிந்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையே இருந்தால் போதும். படுகர் பாட்டுக்குக் குரலும் கீபோர்டும் என்றால் இது தாராளம். கோத்தர்களின் ஊதுகுழலும் பறையும் என்றால் மைனஸ் 18 வரை இறக்கி வையுங்கள். பறையின் முதல் அடி, ஒத்திகையில் கேட்டதைவிடப் பலமாகவே விழும்.

தாளத்தில் ஒரு சூட்சுமம். பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் ஒரு பார் (தாளக் கணக்கின் ஒரு கட்டம்) ஒரு பாராகத் தாவும். புதிய புராஜெக்ட் 4/4 என்று தொடங்கும். மிஸ்ர சாபு பாட்டை அப்படியே பதிந்தால் ஒவ்வொரு தாவலும் ஆவர்த்தனத்தின் (முழுத் தாளச் சுற்றின்) நடுவில் போய் விழும். வெட்டி ஒட்டுவது நரகம். ஆரம்பத்திலேயே மிஸ்ர சாபுவுக்கு 7/8, கண்ட சாபுவுக்கு 5/8, ரூபகத்துக்கு 3/4, ஆதி தாளத்துக்கு 8/4 என்று வையுங்கள். ஒரு தாவல், ஒரு ஆவர்த்தனம். கண்ணால் அலைவடிவம் பார்த்து வெட்டுபவரைவிட இவர் வேகமாக வெட்டுவார். விருத்தம், ஆலாபனைக்குத் தாளமில்லை, பாருக்கும் பொருளில்லை. ரூலரை நிமிடம்-வினாடிக்கு மாற்றிவிட்டு, எம் விசையால் மார்க்கர் போட்டுக்கொண்டே போங்கள்.

பிழையான ஒரு வரியைத் திருத்த: தொடக்கத்தில் இடது சதுர அடைப்பு விசை, முடிவில் வலது சதுர அடைப்பு விசை. ஒலிப்பதிவு முறையை 'டைம் செலக்ஷன் ஆட்டோ பஞ்ச்' ஆக்குங்கள். இரண்டு ஆவர்த்தனம் முன்னால் போய்ப் பதிவைத் தொடங்கிப் பாடிக்கொண்டே வாருங்கள். அந்த இடைவெளி மட்டும் புதிதாகப் பதியும். பாடும்போது என்விடிஏ விசை+எஸ் கொடுத்துப் பேச்சை நிறுத்திவிடுங்கள். திறந்த ஹெட்ஃபோனிலிருந்து திரைவாசிப்பானின் குரல் மைக்குக்குள் போய்விட்டால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

கீபோர்டில் வாசித்த சுரங்களைத் திருத்தும் மிடி எடிட்டரில் அம்புக்குறிகளால் ஒவ்வொரு சுரமாக நடக்கலாம். ஓசாரா மேற்கத்தியப் பெயரைச் சொல்லும். நம் கட்டைக் கணக்கோடு பொருத்திக்கொள்ளுங்கள்: சி ஒரு கட்டை, சி ஷார்ப் ஒன்றரை, டி இரண்டு, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஜி ஷார்ப் ஐந்தரை. ஐந்தரைக் கட்டையில் பாடுபவருக்கு ஜி ஷார்ப் என்று கேட்டதெல்லாம் ச. ஒருநாள் பழகினால் மனம் தானே மொழிபெயர்த்துக்கொள்ளும்.

இப்போது குறைகள். ரீப்பரோடு வரும் ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரசர், ரிவர்ப் எல்லாவற்றையும் பி விசையில் திறந்து, பட்டியலில் பாராமீட்டரைத் தேர்ந்து, மதிப்பை மாற்றலாம். ஓசாரா எண்ணோடு சொல்லும். வெளியே வாங்கும் பிளக்இன்களில்தான் (ரீப்பருக்குள் சேர்க்கும் வாத்திய, எஃபெக்ட் மென்பொருள்களில்) அடி விழுகிறது. பலவும் தங்கள் திரையைப் படமாகவே வரைகின்றன, திரைவாசிப்பானுக்கு அங்கே ஒன்றும் இல்லை. பாராமீட்டர் பட்டியல் வந்தாலும், எந்த வாத்தியம் என்று தேர்ந்தெடுக்கும் பக்கம் படத்துக்குள் மாட்டியிருக்கும். வாங்கும் முன் சோதனைப் பதிப்பை இறக்கி ஒன்றைப் பாருங்கள்: கண் உதவி இல்லாமல் ஒரு சத்தத்தை மாற்றி இன்னொன்றுக்குப் போக முடிகிறதா? முடியாதென்றால் தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்டி சின்தசைசர் திரைவாசிப்பானோடு வேலை செய்யும், அதில் தொடங்கலாம். ரீப்பரின் சுருதி திருத்தும் கருவியான ரீட்யூனில் சுரத்தைக் கையால் வரைந்து திருத்தும் பகுதி பார்வையற்றவருக்கு உதவாது. தானியங்கித் திருத்தம் வேலை செய்யும், ஆனால் கமகத்தைப் படிக்கட்டாக்கிவிடும். திரும்பப் பாடுவதே நல்லது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக: ஐபோன் வைத்திருப்பவர் வாய்ஸ்ஓவரோடு கராஜ்பேண்டில் தொடங்கலாம், செலவில்லை. மேக் இருந்தால் லாஜிக் நல்லது. ஏபிள்டன் லைவ் 12ஆம் பதிப்பிலிருந்து திரைவாசிப்பானோடு பேசத் தொடங்கியிருக்கிறது. பேச்சு மட்டும் பதிய ஆடாசிட்டி போதும். நம்மூர் ஸ்டுடியோக்களில் பலரும் வைத்திருக்கும் எஃப்எல் ஸ்டுடியோவைப் பார்வையற்றவருக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

மலைக்கென்று சில. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை; குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கும் சேரும். தகரக் கூரையில் விழும் மழைச்சத்தம் எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடக்கும். ஈக்யூவால் வெட்ட முடியாது. மழை விட்ட பிறகு பதியுங்கள். கண்டன்சர் மைக்கின் உள்ளே ஈரம் படிந்தால் பட்பட்டென்று வெடிக்கும். கேபிள் பழுது என்று கேபிளை மாற்றிப் பயனில்லை. சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பதிவுக்கு அரைமணி நேரம் முன்னால் அறைக்குள் எடுத்துவையுங்கள். டைனமிக் மைக்குக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஹம் சத்தம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் சார்ஜரிலோ வீட்டின் எர்த் இணைப்பிலோ கோளாறு இருக்கலாம். கரண்ட் போகும் ஊரில், அமைப்புகளில் புராஜெக்ட் பகுதியிலுள்ள தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடமாக்குங்கள். புராஜெக்டை முதல்முறை சேமிக்கும்போதே அதற்கெனத் தனி ஃபோல்டர் உருவாக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒலிக்கோப்புகள் வேறெங்கோ கிடக்கும், பென்டிரைவில் புராஜெக்ட் மட்டும் போய்ச் சேரும்.

கடைசி மிக்ஸுக்குக் கோயம்புத்தூர் ஸ்டுடியோவுக்கு அனுப்புவதென்றால், அங்கே ரீப்பர் இருக்கவேண்டியதில்லை. எல்லா ட்ராக்கையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல்+ஆல்ட்+ஆர் அழுத்தி ரெண்டர் பெட்டியைத் திறங்கள். சோர்ஸ் என்ற இடத்தில் தேர்ந்த ட்ராக்குகளின் ஸ்டெம்ஸ் (ஒவ்வொரு ட்ராக்கும் தனிக் கோப்பாக), எல்லை முழு புராஜெக்ட், வேவ் 24 பிட், 48,000. எல்லாக் கோப்பும் பூஜ்யத்திலிருந்தே தொடங்கும், வாங்குபவர் ஒரே இடத்தில் வைத்தால் தாளம் பிசகாது. கோப்பின் பெயரிலேயே டெம்போவையும் கட்டையையும் எழுதிவிடுங்கள்.