பரம்பிக்குளமா, இரவிகுளமா?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதித் தமிழர்கள் நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து பேருந்து அமர்த்தி மலைக்காடு பார்க்கப் புறப்படும்போது, பேச்சு பெரும்பாலும் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம், மூணாறு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா என்ற இரண்டில் வந்து நிற்கிறது. நெல்லியாம்பதி இவற்றைவிட எளிய பயணம்தான். பாலக்காட்டிலிருந்து கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமே சுற்றுலாப் பேருந்தும் விடுகிறது. ஆனால் அங்கே காண்பவை பெரும்பாலும் தோட்டங்களும் காட்சிமுனைகளும் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டு இடங்களிலும் வனத்துறை வண்டியில் ஏறித்தான் சுற்றிப்பார்க்கச் செல்கிறோம். அந்த வண்டி எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் வேறுபாடு. இரவிகுளத்தின் சுற்றுலாப் பகுதியான ராஜமலையில், ஐந்தாம் மைலில் ஏறினால் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மேலே கொண்டுபோய் இறக்கிவிடுவதோடு பேருந்தின் வேலை முடிந்துவிடும். பிறகு ஏற்றமான பாதையில் அவரவர் கால்தான். பரம்பிக்குளத்தில், சுற்றுலா தொடங்கும் ஆனைப்பாடியில் ஏறும் வழிகாட்டி, தேக்குக் காடு, அணைகள், கன்னிமாரா தேக்கு என்று சுற்றி முடியும்வரை உடனிருக்கிறார். முட்டிவலிக்காரர்களும் கைக்குழந்தைகளும் உள்ள குழுவுக்கு இந்த ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும் என்பது என் எண்ணம்.

வழிகாட்டிகளில் பலர் அந்தக் காட்டிலேயே வாழும் காடர், மலசர் போன்ற பழங்குடி மக்கள். தமிழில் தாராளமாகப் பேசுவார்கள். 48 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கன்னிமாரா தேக்குக்கு மத்திய அரசு 1994-95-இல் மகாவிருட்ச விருது வழங்கியது என்பதைப் பலகையிலேயே படித்துக்கொள்ளலாம். இங்கே வெட்டிய தேக்கைச் சாலக்குடிக்கு இறக்குவதற்குக் கொச்சி அரசு டிராம் பாதை அமைத்ததையும், அது 1963-இல் நின்றுபோனதையும் யாராவது சொன்னால்தான் அந்தக் காடு விளங்கும். நம் ஊர் விவசாயிகளுக்கு இதில் தனிச் சுவை உண்டு. கேரள மண்ணில் இருந்தாலும் தமிழ்நாட்டு அரசு பராமரிக்கும் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகளை நேரில் பார்க்கும்போது, பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மாநில எல்லையான மணக்கடவில் நமக்குச் சேரவேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீரைப் பற்றி ஆண்டுதோறும் கேட்கும் தகராறுக்கு ஓர் உருவம் கிடைக்கிறது.

விலங்கு பார்ப்பதே நோக்கம் என்றால் இரவிகுளத்துக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். பரம்பிக்குளத்தில் புள்ளிமானும் காட்டெருமையும் தென்படலாம், யானை அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, புலியை எதிர்பார்த்துப் போகாமலிருப்பதே நல்லது. ராஜமலையிலோ மனிதரைக் கண்டு மிரளாத வரையாடு, பல நாட்களில் நடைபாதை ஓரத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்த 97 சதுர கிலோமீட்டர்ப் புல்வெளியும் சோலையும் அந்த ஆட்டுக்காகவே காக்கப்பட்டவை என்று சொல்லலாம். 2,695 மீட்டர் உயர ஆனைமுடியின் மடியில் நிற்கும் குளிரைப் பரம்பிக்குளம் தராது. அங்குள்ள உச்சியான கரிமலை கோபுரமே 1,438 மீட்டர்தான். இருப்பினும் ராஜமலையில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே நிற்பவர்கூடத் தெரியமாட்டார். அப்படிப்பட்ட நாளில் அங்கே போனவர்கள் பார்த்தது பேருந்து வரிசையை மட்டுமே.

காலமும் குறுக்கே நிற்கும். வரையாடு குட்டி ஈனும் பருவத்துக்காக இரவிகுளம் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்படுகிறது. குறிஞ்சிக்காகக் காத்திருப்பவர்கள் 2018-க்குப் பிறகு 2030 வரை பொறுத்தாக வேண்டும்.

வழியைப் பொறுத்தவரை, பரம்பிக்குளம் நம் சித்தூர் வட்டத்தில், முதலமடை ஊராட்சியில்தான் இருக்கிறது என்றாலும், பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போய்ச்சேர முடியும். இரு மாநில வனத்துறைக்கும் தனித்தனியே கட்டணம் கட்ட வேண்டும் என்பதைக் குழுவின் கணக்கில் முன்கூட்டியே சேர்த்துவிடுவது சச்சரவைத் தவிர்க்கும். இருந்தாலும் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். இரவிகுளத்துக்கு உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாகப் போகிறவர்களுக்கு மூணாறுக்கு முன்பே ராஜமலை வந்துவிடுகிறது. மூணாறில் அறை எடுத்துத் தங்கி மறுநாள் அதே பாதையில் பின்னோக்கி வரும்படி திட்டம் போடுகிற அமைப்பாளர்களிடம் இதைச் சொல்லி, போகும்போதே ராஜமலையைப் பார்க்கும்படி முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். அரை நாள் மிச்சமாகும். ஒரே நாளில் போய்வர நினைப்பவர்களுக்கு நான் பரம்பிக்குளத்தைத்தான் சொல்வேன், ஏனெனில் யானை நடமாடும் சின்னாறு சாலையை இருட்டுவதற்குள் கடக்க வேண்டும் என்ற அவசரத்தில் வரையாட்டை நின்று பார்க்க நேரமிருக்காது.