41,500 ரூபாய் போச்சு: ஏலத்தில் பழைய லேப்டாப் எடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

லேப்டாப் என் முன்னால்தான் இருக்கிறது. திறந்தால் ஒரே திரைதான் வருகிறது. ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி, இது அவர்களுடைய கட்டுப்பாட்டில் இருக்கும் கணினி, அவர்கள் கொடுத்த யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் போடு என்கிறது. அதைத் தாண்டிப் போக வழியே இல்லை. 41,500 ரூபாய் கொடுத்து வாங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. என்ன நடந்தது, வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், இன்னொரு வீட்டில் இது நடக்கக்கூடாது.

தங்கச்சி விஸ்காம் இரண்டாம் வருஷம். எடிட்டிங்குக்கு நல்ல மிஷின் வேண்டும், புதிது வாங்க வசதியில்லை. அம்மா சீட்டு எடுத்த பணம் நாற்பதாயிரம் இருந்தது. பழைய சாமான்களை ஏலம் விடும் ஒரு ஆன்லைன் தளத்தில் எம்1 மேக்புக் ஏர் ஒன்று வந்தது, 8 ஜிபி, 256. நான் 41,500 வரை கேட்டேன். முடியப் போகும் நேரத்தில் யாரோ 43,000 கேட்டு எடுத்துக்கொண்டார்கள். சரி, நமக்கு இல்லை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை விற்றவனே மெசேஜ் போட்டான். "அண்ணா, எடுத்தவர் பணம் கட்டலை. நீங்க கேட்ட விலைக்கே தர்றேன், ஆனா சைட்ல போனா கமிஷன் பிடிப்பாங்க, நேரா யுபிஐல போட்டுடுங்க" என்றான். அந்த 43,000 கேட்டதும் அவனேதானோ என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பணம் போடவில்லை, வீடியோ காலில் பொருளைக் காட்டச் சொன்னேன். உடனே காட்டினான். நீலக் கட்டம் போட்ட போர்வை மேல் லேப்டாப்பை வைத்து, ஆன் செய்து, பேட்டரி எத்தனை தடவை சார்ஜ் ஆகியிருக்கிறது என்பது வரைக்கும் திறந்து காட்டினான். அப்புறம் அவனாகவே மூடியைத் திருப்பி, கீல் பக்கத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு கீறலை விரலால் தடவி, "இதை முன்னாடியே சொல்லிடறேண்ணா, அப்புறம் ஏமாத்திட்டான்னு நீங்க நினைக்கக்கூடாது" என்றான். அந்த ஒரு பேச்சில்தான் விழுந்தேன். குறையைத் தானே எடுத்துச் சொல்கிறவன் திருடனாக இருப்பானா என்று நினைத்தேன். போனை வைத்த ஐந்தாவது நிமிடம் 41,500 ரூபாய் போய்விட்டது.

பொருள் மூன்றாம் நாள் வந்தது, அதே கீறலோடு, நன்றாகவும் ஓடியது. அதனால் சந்தேகமே வரவில்லை. ஐந்து நாள் கழித்து, யூசர் பெயர் இன்னும் அவன் பெயராகவே இருக்கிறதே என்று தங்கச்சி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். வைஃபை கிடைத்ததும் அந்தத் திரை வந்து உட்கார்ந்தது.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் திரையைப் பார்த்ததும் சொல்லிவிட்டார், "இது எம்டிஎம் லாக்குங்க, கம்பெனி தன் மிஷின்களுக்குத் தூரத்திலிருந்தே போடற பூட்டு. இது கம்பெனி மிஷின்." சீரியல் நம்பரே அந்தக் கம்பெனியின் பெயரில் பதிவாகியிருக்கும், எத்தனை தடவை அழித்தாலும் நெட் கிடைத்ததும் திரும்ப வரும், அவர்களாக விடுவித்தால்தான் உண்டு என்றார். வேலையை விட்டுப் போனவர் திருப்பிக் கொடுக்காததாக இருக்கலாம், திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம், பில் இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆக, பணமும் போய், யாருடைய பொருளையோ வீட்டில் வைத்துக்கொண்டு நாங்கள் பயந்துகொண்டிருக்கிறோம்.

அவனுக்குப் போன் செய்தேன். முதல் தடவை, "அப்டேட் பண்ணா அப்படித்தான் வரும்ணா, கடையில குடுத்தா ரெண்டாயிரத்துல எடுத்துடுவாங்க." அடுத்த தடவை, "வண்டி ஓட்டிட்டு இருக்கேன், சாயங்காலம் பேசறேன்." சாயங்காலம் நம்பரே பிளாக். ஏலத் தளத்தில் மனிதர்கள் யாரும் பேசுவதில்லை, சாட்டில்தான் பதில் வருகிறது, பணம் எங்கள் தளத்துக்கு வெளியே போயிருப்பதால் ஒன்றும் செய்ய இயலாது, உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம் என்று நாலு தடவையும் அதே வரி. பேங்கில் கேட்டால், பின் நம்பர் நீங்களே போட்டுத்தானே அனுப்பினீர்கள் என்கிறார்கள். சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். பணம் போன அன்றைக்கே கூப்பிட்டால்தான் அது கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம் என்று அங்கே பேசிய பெண் பொறுமையாகச் சொன்னார். எனக்கோ ஏமாந்தது தெரியவே எட்டு நாள் ஆகிவிட்டது. அம்மாவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. 41,500 ரூபாய், அதில் நாற்பதாயிரம் அம்மா மாசாமாசம் சீட்டுக் கட்டிச் சேர்த்தது.

எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன், இப்போது நிதானமாக எழுத முடியவில்லை, முக்கியமானது மட்டும். தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும். மேக்புக் என்றால் நேரில் போய், உங்கள் கண் முன்னால் முழுசாக அழித்து, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, டெஸ்க்டாப் வரும்வரை இருந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, என்னுடையதும் நன்றாகத்தான் ஓடியது. பழைய போன் என்றால் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனின் அடையாள எண்ணை, அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பில் கேளுங்கள். ஏமாந்தது தெரிந்தால் விற்றவனோடு பேசிக்கொண்டு நேரத்தை விடாமல் உடனே 1930.

நேற்று ராத்திரி அதே தளத்தில் வேறு பெயரில் ஒரு மேக்புக் ஏர் வந்திருக்கிறது. கீழே அதே நீலக் கட்டம் போட்ட போர்வை. புகார் கொடுத்துவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை. ஞாயிறு ராத்திரி ஏலம் முடிகிறது, அதற்குள் உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து விலை கேட்காதீர்கள், நீங்களும் ஒரு புகார் போடுங்கள்.