14416க்கு போன் செய்த அனுபவம்

ஏழாவது படிக்கும் என் மகன் ஒரு மாதமாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான், திங்கட்கிழமை வந்தால் வயிற்றுவலி, கிரிக்கெட் மட்டை மூலையில் கிடந்தது, நாங்களோ வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம். வயிற்றுவலிக்கு ஒரு கிளினிக்கில் ஸ்கேன் வரை எடுத்தோம். எல்லாம் நார்மல், பையன் நடிக்கிறான் என்று அனுப்பிவிட்டார்கள். காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் டெலி மானஸுக்குப் பேசினேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் அவசரப்படவே இல்லை. தூக்கம் எப்படி, சாப்பிடுகிறானா, நண்பர்களோடு பேசுகிறானா, இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாகணும்னு ஏதாவது சொன்னானா என்றும் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஆனால் கேட்பதால் அந்த எண்ணம் பிள்ளைக்குப் புதிதாக வந்துவிடாது, பயப்படாமல் நேராகவே கேளுங்கள் என்று பொறுமையாக விளக்கினார். பிள்ளைகளுக்கு மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் கோபமாகவும் உடம்பு வலியாகவும் வெளிப்படலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். (எத்தனை அடி வாங்கியிருப்பான் பாவம்.)

ஒரே அழைப்பில் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எங்களை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள், இப்போது வாராவாரம் கவுன்சலிங், மாத்திரை இல்லை. நேற்று மட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். கிரிப் கிழிந்துவிட்டதாம், புதுசு வேண்டுமாம்.