நம்பரைக் காட்டாத சென்சார்: ஃப்ரீஸ்டைல் லிப்ரே ப்ரோவுடன் 14 நாள்

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பேன், 6.9, 7 என்று வரும், கன்ட்ரோலில்தான் இருக்கிறது என்பார்கள், வீட்டுக்கு வந்துவிடுவேன். புதிதாகப் பார்த்த டாக்டர்தான் அது வெறும் சராசரி, நடுவில் ஏறியதும் இறங்கியதும் அதில் தெரியாது என்று சொல்லி, கையில் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் லிப்ரே ப்ரோ சென்சாரை ஒட்டிவிட்டார்.

ஒட்டுவது ஒரு நொடி வேலை. மேல்கையின் பின்பக்கம் ஸ்பிரிட் தடவி, 'டக்' என்று ஒரு சத்தம், எறும்பு கடித்த அளவுகூட வலி இல்லை. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தோலுக்கு அடியில் இருக்கும் திரவத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து 14 நாள் சேர்த்து வைக்கிறது. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அந்தத் திரவத்துக்கு வந்து சேரச் சில நிமிடம் ஆகும், அதனால் விரலில் குத்திப் பார்க்கும் அளவோடு அச்சாக ஒத்துப்போகாது, பதற வேண்டாம்.

ஆனால் ப்ரோவில் நம்பர் நம் கண்ணுக்குத் தெரியாது, டாக்டரிடம் இருக்கும் ரீடரில்தான் வரும். காசு கொடுத்து ஒட்டிக்கொண்டவனுக்கே காட்ட மாட்டார்களா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆராய்ச்சியிலும் இதையே செய்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2016-இல் லான்செட் இதழில் வந்த இம்பாக்ட் ஆய்வில், ஐரோப்பாவின் 23 மையங்களில் டைப் 1 (உடலில் இன்சுலின் சுரக்காத வகை) சர்க்கரை உள்ளவர்களுக்குச் சென்சார் மாட்டி, முதல் 14 நாள் நம்பரை மறைத்தே வைத்தார்கள். பிறகு ஒரு பிரிவுக்கு மட்டும் காட்டினார்கள், மற்றவர்கள் வழக்கம்போல விரலில் குத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில், நம்பரைப் பார்த்தவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி 70-க்குக் கீழே கிடந்த நேரம் நாளுக்குச் சுமார் 3.4 மணியிலிருந்து 2 மணியாகக் குறைந்தது. இரண்டு பிரிவுக்கும் எச்பிஏ1சியில் வித்தியாசமே இல்லை!

பார்த்தால் மாறிவிடுகிறோம், எனக்கும் அதுதான் நடந்தது. இரண்டு மாதம் கழித்து நம்பர் காட்டும் சாதா லிப்ரே வாங்கினேன். நாலு இட்லி சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் 212 என்று பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன், அடுத்த நாளிலிருந்து இட்லி மூன்றுதான். சர்க்கரை இருக்க வேண்டிய அளவில், 70-க்கும் 180-க்கும் நடுவில், இருந்த நேரம் முதல் தடவை 58%, இந்தத் தடவை 79%. சந்தோஷம்தான், ஆனால் மாத்திரையை முடிவு செய்ய அந்த 58%தான் உதவியது, ஏனென்றால் அது நான் சாதாரணமாக வாழ்ந்த 14 நாள். முதலில் ப்ரோ, அப்புறம் சாதா என்றே எல்லோரிடமும் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டைத் தனியாகப் படித்து மட்டும் பயப்படாதீர்கள். என்னுடையதில் மூன்று இரவு, விடிகாலை 3 மணிக்கு 55, 58 என்று இருந்தது. மாத்திரையைக் குறைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். டாக்டர் கேட்டது, "எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள்?" இடது பக்கம், சென்சார் இருந்த பக்கம். எந்த கம்பெனி சென்சாரானாலும் கை அழுந்தினால் குறைவாகக் காட்டுமாம். இரண்டாவது சென்சாரை வலது கையில் ஒட்டினேன், அந்த இறக்கம் ஒரு நாளும் வரவில்லை.